வலது கால்

வலது கால்தான், இடது இல்லை, வலது, என்று உபதேசியார் மிக்கேல் பூசைக்கு முன்னால் எங்கள் பன்னிரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வந்து, வலதும்மா சலேத்து, என்று என்னிடம் மட்டும் இன்னொரு தடவை சொன்னார். எனக்கு வலது இடது தெரியாதென்று நினைத்தாரா, நான் கோணலாக எதையாவது செய்வேன் என்று அவருக்கு மூக்கில் வியர்த்ததா, தெரியவில்லை. சரிங்க உபதேசியாரே என்றேன். சிரிக்கக்கூடச் செய்தேன். இப்போது உட்கார்ந்திருக்கிறேன், பெரிய வியாழன் சாயங்காலப் பூசை, இயேசு சீடர்களின் காலைக் கழுவியதைச் சாமியார் செய்துகாட்டுகிற நாள், பீடத்துக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, வெள்ளைத் துணி போர்த்தி முதுகில் சிவப்பு ரிப்பன் கட்டியது, ஏதோ கல்யாண மண்டபத்தில் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், என் நாற்காலித் துணியில் சாம்பார்க் கறை போகவில்லை, அதில் நாங்கள் இயேசுவின் சீடர்கள். தோளில் வெள்ளைத் துண்டு, குறுக்கே சிவப்புப் பட்டை. பட்டை ஆம்பளைகளுக்கென்று தைத்தது, எனக்கு நெஞ்சில் நிற்காமல் வயிற்றுக்கு இறங்குகிறது, நான் இழுத்து இழுத்து மேலே ஏற்றுகிறேன், ஏற்றும்போதெல்லாம் ஜனங்கள் பார்க்கிறார்கள். இந்த வருஷம்தான் எங்கள் பங்கில் பெண்களுக்கும் கால் கழுவலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். பன்னிரண்டில் மூன்று பேர் பெண்கள். அதற்கே பங்குப் பேரவையில் நாற்காலியைத் தூக்காத குறையாம். கால்தானே ஐயா, வேறு என்ன கேட்டுவிட்டோம். ஜனங்களைப் பார்த்து உட்கார வைத்துவிட்டார்கள், அதுதான் கஷ்டம், கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மூன்றாவது பெஞ்சில் என் வீட்டுக்காரர் அருளப்பன். அவருக்குப் பக்கத்தில் என் மகள் ரோஸ்லினைக் கட்டப்போகிற பையனின் அப்பாவும் அம்மாவும், சம்பந்தியம்மாவுக்குச் சாமியார் கால் கழுவப்போகிறார் என்று வேடசந்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். அந்தம்மா என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைக்கிறாள். அருளப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிரசங்கம் நடக்கிறது. ஃபாதர் தொபியாஸ் தாழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறார். தாழ்ச்சி என்ற சொல்லை அவர் சொல்லும் விதமே தனி, நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் ருசி பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார். ஆண்டவர் குனிந்தார் பிரியமானவர்களே, உலகத்தைப் படைத்தவர் குனிந்தார். குனிந்தார், சரி. நீங்கள் எப்போது குனிந்தீர்கள் ஃபாதர். இன்றைக்குக் குனிவீர்கள். முதலில் தண்ணீர் ஊற்றுவீர்கள், துண்டால் துடைப்பீர்கள், அப்புறம் பாதத்தைக் கையில் ஏந்தி முத்தம் வைப்பீர்கள், ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன். உங்கள் வாய் இறங்கி வரும் அந்த நேரத்தில் நான் காலை இழுத்துக்கொள்வேன். அவ்வளவுதான் என் திட்டம். கத்த மாட்டேன், அழ மாட்டேன், மண்ணை வாரித் தூற்ற மாட்டேன். கால் என்னுடையது, இழுத்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் வெறுங்கையோடு, குவித்த வாயோடு, ஊரே பார்க்க முழங்காலில் நில்லுங்கள். ஒரு வினாடி போதும். எனக்குத் தெரிந்து சீடர் பேதுருவும் முதலில் காலைத் தரமாட்டேன் என்றுதான் இயேசுவிடம் சொன்னார், ஆனால் அடுத்த பேச்சிலேயே தலையையும் கழுவும் என்று சரிந்துவிட்டார், ஆம்பளை ரோஷம் அவ்வளவுதான் தாங்கும். நான் வீட்டில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டி நீட்டி இழுத்துப் பார்த்தேன். வேகமாக இழுத்தால் பயந்த மாதிரி இருக்கிறது. மெதுவாக இழுத்தால் வெட்கப்படுகிற மாதிரி இருக்கிறது. எந்த வேகத்தில் இழுத்தால் அது கோபம் என்று தெரியும் என்று கடைசிவரை பிடிபடவில்லை. அருளப்பன் வாசலில் நின்று பார்த்துவிட்டார். கால் மரத்துப் போச்சுங்க என்றேன். அவர் நம்பவில்லை.

காலை ஏன் தேய்த்துக் கழுவினேன், அதுதான் எனக்கே என் மேல் ஆத்திரம். அழுக்கோடு வருவதாகத்தான் இருந்தேன். சந்தைப் பக்கம் வெறுங்காலோடு ஒரு நடை போய்விட்டு, மீன் தண்ணியும் சேறுமாக நீட்டுவது, கழுவுங்கள் சாமி, உண்மையிலேயே கழுவுங்கள், என்று. ஏனென்றால் இங்கே ஒருத்தரும் அழுக்குக் காலோடு வருவதில்லை. எல்லோரும் வீட்டில் சோப்புப் போட்டு, நகம் வெட்டி, பவுடர் போட்டுக் கொண்டுவரும் காலைத்தான் சாமியார் கழுவுகிறார். சுத்தமான காலுக்கு எதற்கு இத்தனை தண்ணீர் என்று சின்ன வயதில் பிரகாசியிடம் கேட்டேன், அவள் என் தொடையில் கிள்ளினாள். ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு நானும் குளியலறைக் கல்லில் உட்கார்ந்து குதிகாலைத் தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டிருக்கிறேன், பித்த வெடிப்பில் வாசலின் தடவுகிறேன், கை பாட்டுக்குச் செய்கிறது. நாற்பத்தாறு வயது வரை பழக்கிய கை. மனசு என்ன திட்டம் போட்டாலும் கை கோயிலுக்குத் தயாராகிவிடுகிறது, நெற்றி தீர்த்தத் தொட்டியைக் கண்டதும் விரலைத் தேடுகிறது. நான் திண்டுக்கல் கடைவீதியில் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் காலுக்கு முன்னால் முட்டி போடுவதுதான் என் பிழைப்பு. வியர்த்த கால், ஆணி வந்த கால், புண்ணை மறைக்கிற கால், என் மடியில் தூக்கி வைத்துவிட்டு போனில் பேசுகிற கால். எனக்கு யாரும் பாட்டுப் படித்ததில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் குனிகிறவருக்குப் பாடகர் குழு, கீபோர்டு, தபேலா, போதாததற்கு யூடியூபில் நேரலை. குவைத்தில் இருக்கும் மாப்பிள்ளையின் அண்ணன் பார்க்கிறாராம். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும்.

பிரகாசி என் அக்கா. அவள் பெயரைச் சொன்னால் இந்தக் கோயிலில் பாதிப் பேருக்கு அவள் முகம் ஞாபகம் வராது, முழங்கால்தான் ஞாபகம் வரும். கடைசி பெஞ்சில் ஓரமாக உட்காருவாள். நன்மை, அந்த நற்கருணை அப்பம், வாங்கப் போகிற நேரம் வந்ததும் பெஞ்சில் இருக்கிற எல்லோரும் எழுந்து வரிசைக்குப் போவார்கள், அவள் மட்டும் உட்கார்ந்தபடியே முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி வழிவிடுவாள். திரும்பி வரும்போதும் ஒதுக்குவாள். வாயில் நற்கருணையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி வருகிறவர்கள் அவள் காலை மிதித்துவிட்டுப் போவார்கள். பதினாறு வருஷம், ஞாயிறு தவறாமல். இருபத்திரண்டு வயதில் இதே பீடத்துக்கு முன்னால் அவளை ஞானராஜுக்குக் கட்டிக்கொடுத்தோம். அவன் அவளை அடித்தான். அடித்தான் என்றால் கோபத்தில் ஒரு அறை இல்லை, கதவைச் சாத்திவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு அடித்தான். அவள் வந்துவிட்டாள். கோயில் கல்யாணத்துக்கு ரத்து கிடையாதம்மா, சிலுவையைத் தூக்கு என்றார் அப்போதிருந்த சாமியார். இவர் இல்லை, வேறொருவர், மாறி மாறி வருகிறார்கள், அங்கியும் பேச்சும் ஒன்றுதான். சிலுவையைத் தூக்கினாள் ஏழு வருஷம், ஒண்டியாக. அப்புறம் குமரவேல் வந்தார், எலக்ட்ரீசியன், எங்கள் தெருவுக்கு வயரிங் செய்ய வந்தவர், திருநீறு பூசுகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். ரெண்டு பேரும் வீடெடுத்துத் தங்கினார்கள். அன்றிலிருந்து அவளுக்கு நன்மை கிடையாது, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தனமும் கிடையாது. அடித்தவன் இந்தக் கோயிலில் வருஷா வருஷம் சப்பரம் தூக்கினான், நன்மையும் வாங்கினான். நீ ஏண்டி இங்க வர்ற, உன்ன வேணாங்குற எடத்துக்கு, என்று நான் கேட்டிருக்கிறேன். மாதாவப் பாக்க வாரேன், சாமியாரையா பாக்க வாரேன் என்பாள். அவளுக்குக் கோபமே வராது. அவளுக்கு வராத கோபமெல்லாம் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தாழ்ச்சி உள்ளவன் தன் பெருமையை நாடமாட்டான், சொல்கிறார். ஏசி ஓடுகிறது, ஆனால் எனக்கு முதுகெல்லாம் வேர்வை. பக்கத்து நாற்காலியில் ஸ்டெல்லா டீச்சர், எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற குழுவான அன்பியத்தின் தலைவி, அவளிடமிருந்து சந்தன பவுடர் வாசம். ஆஸ்பத்திரியில் பிரகாசிக்கும் இதே பவுடரைத்தான் போட்டோம், நாற்றம் தெரியாமல் இருக்க. கர்ப்பப்பையில் புற்று வந்து எல்லா இடமும் பரவிவிட்டது. அவளுக்கு ஒரே ஒரு ஆசை, அவஸ்தைப்பூசுதல் வாங்கவேண்டும், சாகிறவர்களுக்கு நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி மன்னிப்புக் கொடுப்பார்களே, அது. நான் சாமியார் வீட்டுக்குப் போனேன். ஃபாதர் தொபியாஸ் என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஆளை விட்டுட்டேன்னு அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும்மா, ராத்திரி பன்னெண்டு மணின்னாலும் நானே வாரேன், என் கையில ஒண்ணுமில்ல, திருச்சபைச் சட்டம், என்றார். கையை விரித்துக் காட்டினார். சின்னக் கை, சுத்தமான நகம். நான் ஓடினேன் ஆஸ்பத்திரிக்கு. அக்கா, சும்மா சொல்லிரு, வாய் வார்த்தைதான, சாமியார் போனதும் அத்தான் திரும்ப வந்து உக்காந்துக்கட்டும், என்றேன். குமரவேல் அத்தான் அப்போது கட்டிலுக்குக் கீழே குனிந்து மூத்திரப் பையை மாற்றிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. நான் வேணா வெளிய போயிருறேன் பிரகாசி, நீ சொல்லிரும்மா என்றார். அவள் அவரைக் கையமர்த்தினாள்.

"எனக்குப் பீயள்ளுறவர விட்டுட்டேன்னு சாமிகிட்டப் பொய் சொல்லவா?" என்றாள். "அந்த எண்ணெய் எனக்கு வேணாம் சலேத்து."

அப்படியே செத்தாள். மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்த வாரம். தெருவெல்லாம் சீரியல் செட்டு விளக்கு, ஒலிபெருக்கியில் பாட்டு. செத்த பிறகாவது என்று நினைத்தேன். செத்தவளிடம் யாரும் எந்த வார்த்தையும் கேட்க முடியாதே. கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரு பூசை, ஒரு துக்கமணி, கல்லறையில் ஆறடி. சவ வண்டி கோயில் கேட்டுக்கு வந்தது, கேட் சாத்தியிருந்தது. ஃபாதர் தொபியாஸ் வரவில்லை. அதைத்தான் நான் விழுங்க முடியாமல் இத்தனை மாதம் வைத்துக்கொண்டிருக்கிறேன், அவர் வந்து என் மூஞ்சிக்கு நேராக முடியாது என்று சொல்லியிருந்தால்கூட ஒரு கணக்குத் தீர்ந்திருக்கும், மாடியில் அவர் அறையில் விளக்கு எரிந்தது, ஜன்னலில் திரை அசைந்தது. அவர் வரவில்லை. உபதேசியார் மிக்கேல்தான் வந்தார், கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, திருவிழா நேரம், ஆயர் வேற வர்றாரு, இங்க வச்சு ஒரு கர்த்தர் செபம் சொல்லிட்டு எடுத்துட்டுப் போயிருங்க என்றார். குமரவேல் அத்தானுக்கு எங்கள் முறை எதுவும் தெரியாது. பிரகாசி கோயில் வாசல் வரை வந்துவிட்டாள், இங்கே ஏதாவது செய்யவேண்டும் என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. எதிர்த்த கடைக்குப் போய்க் கற்பூரம் வாங்கிக்கொண்டு வந்து கேட்டுக்கு முன்னால் தரையில் வைத்துக் கொளுத்தினார். கும்பிட்டபடி நின்றார். மிக்கேல் கேட்டைக் கொஞ்சமாகத் திறந்து வெளியே வந்து அந்தக் கற்பூரத்தைச் செருப்புக் காலால் மிதித்து அணைத்தார். நின்று தேய்த்தார், புகை வராதபடி. அத்தான் கும்பிட்ட கையை இறக்கவில்லை, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று மிக்கேலைப் பார்த்து மன்னிச்சுக்கங்க என்றார். மன்னிச்சுக்கங்க. மணி அடிக்கவில்லை. பிரகாசி மண்ணுக்குள் போகவும் இல்லை. தீ என்றாலே பயப்படுகிறவளை மின்மயானத்தில் வைத்து எரித்தோம், அங்கே ஒரு ஆள் டோக்கன் கொடுத்தான், நாங்கள் பிளாஸ்டிக் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம்.

மிக்கேல் இப்போது பித்தளைக் குடத்தையும் தாம்பாளத்தையும் எடுத்து வைக்கிறார். வெள்ளை அங்கி, மடித்த துண்டு. அந்தக் கால் அங்கிக்குக் கீழே தெரிகிறது. பிரசங்கம் முடியப்போகிறது, நான் பட்டையை மறுபடி மேலே ஏற்றுகிறேன். பயமா? ஆமாம், பயம்தான், யாரிடம் மறைக்க. ஈஸ்டர் முடிந்த மூன்றாவது வாரம் ரோஸ்லினுக்குக் கல்யாணம், இதே கோயில், இதே சாமியார். அவர் மனது வைக்காவிட்டால் என்ன வேண்டுமானாலும் சொல்லித் தள்ளிப்போடலாம், ஞானஸ்நானச் சான்று சரியில்லை, மறைக்கல்விக்கு வரவில்லை, வேறு தேதி பாருங்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஒரு தேதி தவறினாலே சகுனம் பார்க்கிற சாதி, மாதா படத்துக்கு முன்னால் திருவுளச்சீட்டு போட்டுத்தான் பெண் பார்க்கவே வந்தார்கள். என் அன்பியத்தில் சுற்று முறைப்படி இந்த வருஷம் எங்கள் வீட்டு முறை. அருளப்பன் தான் போவதாகத்தான் இருந்தார். நான் போகிறேன் என்றதும் அவருக்கு உதறல் எடுத்துவிட்டது. சலேத்து, பிரகாசி போய்ச் சேந்துட்டா, இருக்குற புள்ளயப் பாரு, என்றார் நேற்று. நல்ல மனுஷன். அன்றைக்குக் கேட்டில் வண்டியைத் தள்ளியவரும் அவர்தான், அழுதவரும் அவர்தான். ஆனால் அடுத்த ஞாயிறே பூசைக்கு வந்து நன்மை வாங்கிவிட்டார். நானும்தானே வந்தேன். வந்தேன், வரிசையில் நின்றேன், நாக்கை நீட்டினேன். ரோஸ்லின் பாடகர் குழுவில் இருக்கிறாள், எனக்கு இடது பக்கம், திரும்பினால் தெரிவாள், நான் திரும்பவில்லை. திரும்பினால் காலை இழுக்கமாட்டேன். திரும்பக்கூடாது. இழுப்பேன். மெதுவாகவும் இல்லாமல் வேகமாகவும் இல்லாமல்.

பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஃபாதர் தொபியாஸ் மேலங்கியைக் கழற்றிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். எழுபதை நெருங்குகிறார், முழங்கால் தேய்ந்துவிட்டது என்று ஊருக்கே தெரியும், முதல் நாற்காலிக்கு முன்னால் அவர் மண்டியிடும்போது வாயைக் கடித்துக்கொள்கிறார். முதல் கால், ரிட்டையர்டு தாசில்தார் கால். தண்ணீர், துண்டு, முத்தம். எழுந்திருக்க முடியவில்லை. தாசில்தார் கையைக் கொடுக்கிறார், அதைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். அடுத்த கால், முத்தம், கை. அடுத்தது, ஆட்டோ ஓட்டுகிற செங்கோல், அவன் கூச்சத்தில் நெளிகிறான், முத்தம், கை. ஒவ்வொருவராக என் பக்கம் நகர்ந்து வருகிறார், தண்ணீர் தாம்பாளத்தில் விழுகிற சத்தம் கிட்டே வருகிறது, எனக்கு வலது கால் கனக்கிறது, இது என் காலே இல்லை போலிருக்கிறது. மூச்சை எண்ணுகிறேன். அருள் நிறைந்த மரியே என்று மனது தானாகத் தொடங்குகிறது, சீ, நிறுத்து, எதைச் செய்யப் போகிறாய், யாரைக் கூப்பிடுகிறாய். இப்போது முதல் பெண், அமலோற்பவம், பால் சொசைட்டியில் இருப்பவள். தண்ணீர் ஊற்றுகிறார். துடைக்கிறார். காலை இறக்கிவிட்டு, கைகூப்பித் தலையைக் கொஞ்சம் சாய்க்கிறார். எழுகிறார். முத்தம் இல்லை. நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று நினைக்கிறேன். அடுத்து ஒரு ஆம்பளை, முத்தம். அடுத்து ஸ்டெல்லா டீச்சர், சந்தன பவுடர் போட்ட கால், தண்ணீர், துண்டு, கும்பிடு. முத்தம் இல்லை. ஸ்டெல்லா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு பரவசமாக உட்கார்ந்திருக்கிறாள், விட்டுப்போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தே, முத்தம் வேண்டாமென்று பேரவையில் அவளே கையைத் தூக்கியிருப்பாள்.

அப்படியா. அப்படியா சங்கதி. பெண்ணின் காலுக்குத் தண்ணீர் வரைதான். இழுத்துக்கொள்ள என்னிடம் ஒரு காலாவது இருந்தது, இப்போது அதையும் பிடுங்கிவிட்டார்கள், வராத முத்தத்திலிருந்து காலை எப்படி இழுப்பது. சிரிப்பு வருகிறது. பல நாளாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேனே, மடச்சி, இவர்கள் எனக்கு முன்னாலேயே இழுத்துக்கொண்டுவிட்டார்கள். அவர் என் முன்னால் வந்துவிட்டார். மண்டியிடுகிறார். முழங்கால் எலும்பு சொடுக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. வழுக்கைத் தலை, அதில் வேர்வை, கழுத்தில் வலி மருந்து வாசம். மிக்கேல் குடத்தைச் சாய்க்கிறார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, யாரோ கவனமாகச் சுடவைத்துக் கலந்திருக்கிறார்கள், பாதத்தில் விழுந்ததும் உடம்பு முழுக்க ஒரு சுகம் ஏறுகிறது, அந்தச் சுகத்தை நான் வெறுக்கிறேன், எத்தனை வருஷமாயிற்று என் காலை வேறொருவர் தொட்டு. துண்டால் ஒற்றுகிறார். விரலிடுக்கில்கூட ஒற்றுகிறார். காலைக் கீழே இறக்கப் போகிறார். நான் இறக்கவில்லை. அவர் கையிலேயே அழுத்தி வைத்திருக்கிறேன்.

"முத்தம் வைங்க ஃபாதர்," என்கிறேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கிறார். காதில் விழுந்திருக்கிறது, புரியாத மாதிரி ஒரு பார்வை. என்னம்மா என்கிறார். ஆம்பளைகளுக்கு வச்சீங்கல்ல, எனக்கும் வைங்க, என்கிறேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருக்கிறது, கடையில் அளவு சரியாயிருக்கா என்று கேட்கிற குரல். பொம்பளைகளுக்கு வேண்டாம்னு பேரவையில முடிவும்மா, பாட்டு முடியப்போகுது, காலை எடும்மா, என்று மெதுவாகச் சொல்கிறார். மிக்கேல் தாம்பாளத்தோடு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தவர் நின்றுவிட்டார். மூன்றாவது பெஞ்சில் சம்பந்தியம்மா கழுத்தை நீட்டுகிறாள். அருளப்பன் எழுந்து நிற்கிறார், கோயிலில் அவர் ஒருவர் மட்டும் நிற்கிறார்.

"நான் பிரகாசியோட தங்கச்சி."

"தெரியும்மா."

"அவளுக்கு நீங்க கோயில் கேட்டு வரைக்கும்கூட வரல. இப்பக் குனிங்க."

பாட்டில் ஒரு குரல் நின்றுவிட்டது. மற்றவர்கள் பாடுகிறார்கள், கீபோர்டு ஓடுகிறது, ஆனால் எனக்குத் தெரியும் எந்தக் குரல் என்று, அதை நான் பாலூட்டி வளர்த்திருக்கிறேன். திரும்பவில்லை. ஈரக் கால் காற்றில் குளிர்கிறது. மறுக்கப் போகிறார், எழுந்து போகப் போகிறார், சட்டம் என்பார், என் கையில் இல்லை என்பார், சொல்லுங்கள், சொன்னால் எனக்கு அதுவும் போதும். அவர் மிக்கேலைப் பார்க்கவில்லை, ஜனங்களைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து என் பாதத்தில் வாயை வைக்கிறார். காய்ந்த உதடு. ஒரு வினாடி. நிமிர்ந்துவிட்டார். கேட்டது கிடைத்துவிட்டது, நான் சந்தோஷத்துக்குக் காத்திருக்கிறேன், அது வரவில்லை, வருவது வேறு. இவ்வளவுதானா. குனிந்தால் குனிய முடிகிறதே. பேரவை முடிவை மீறி, முட்டி வலியோடு, ஊரே பார்க்க, ஒரு செருப்புக் கடைக்காரி சொன்னாள் என்று குனிய முடிகிறதே. அப்படியானால் அன்றைக்கும் முடிந்திருக்கும். மாடிப்படி இறங்கி வந்து கேட்டைத் திறக்க முடிந்திருக்கும், ஒரு கட்டில் பக்கத்தில் நின்று நெற்றியில் எண்ணெய் தொட்டு வைக்க முடிந்திருக்கும், யாரும் அவர் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவர் கையில் ஒன்றுமில்லை என்று நான் பாதியாவது நம்பியிருந்தேன். அந்தப் பாதி நம்பிக்கையில்தான் இத்தனை மாதமும் இங்கே வந்துகொண்டிருந்தேன், வரிசையில் நின்றேன், நாக்கை நீட்டினேன். அதையும் இந்த முத்தத்தோடு அவர் எடுத்துக்கொண்டார். இனிமேல் எனக்கு இந்தக் கோயிலில் ஒன்றும் இல்லை. ஃபாதர் தொபியாஸ் ஒரு முழங்காலைத் தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை, மற்றவர்களிடம் நீட்டியது போலவே என்னிடமும் கையை நீட்டுகிறார். சின்னக் கை, சுத்தமான நகம். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.